ஐந்து வாக்கியங்கள்

சிற்றிதழ் ஒன்று கைக்கு வந்ததும் வாசகர் கடிதப் பகுதியை முதலில் புரட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நீண்ட கட்டுரைகளில் கிட்டாத செய்தி சில வேளைகளில் அங்கே இரண்டு மூன்று வரிகளில் கிட்டிவிடும். எனினும் அக்கடிதங்களை நாம் ஆய்வென்று கொள்வதில்லை. உரையாடலுக்கு நடுவே ஒருவர் சொல்லிவைத்த கருத்து என்ற அளவில் படித்துக் கடந்துவிடுகிறோம். அப்படிக் கடந்து போயிருக்க வேண்டிய ஒரு கடிதம், அமெரிக்க மருத்துவ உலகில் பேராய்வு என்ற பெயரோடு பல்லாண்டுகள் உலவிய வரலாற்றையே இங்கு பேச விரும்புகிறோம்.

1980-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் வெளியான ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழின் கடிதப் பகுதியில் அது இடம்பெற்றது. எழுதியவர்கள் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் என்னும் இருவர். பாஸ்டன் நகரை மையமாகக் கொண்டு 1960-களிலிருந்து நடந்துவந்த மருந்துக் கண்காணிப்புத் திட்டம் ஒன்றில் பணியாற்றியவர்கள். மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளுக்கு என்னென்ன மருந்துகள் தரப்பட்டன, அவற்றால் என்னென்ன நேர்ந்தன என்பதை முறையாகப் பதிந்துவைப்பது அத்திட்டத்தின் வேலை.

கடிதத்தில் மொத்தம் ஐந்தே வாக்கியங்கள். தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட 39,946 உள்நோயாளிகளின் பதிவேடுகளைப் பார்த்ததாக முதல் வாக்கியம் கூறியது. அவர்களுள் 11,882 பேர் அபினி வகை மருந்தொன்றை ஒரு முறையேனும் பெற்றிருந்தனர். முன்பு போதைப் பழக்கம் இல்லாதவர்களில் அம்மருந்துக்கு அடிமையானதாக ஓரளவு நம்பத்தக்க பதிவு நால்வரைப் பற்றியே இருந்தது என்றது இரண்டாவது. அந்நால்வரிலும் ஒருவர் நிலைதான் கடுமையானது என்றது மூன்றாவது. எந்தெந்த மருந்துகள் என்று நான்காவது பட்டியலிட்டது. மருத்துவமனைகளில் இம்மருந்துகள் பரவலாகப் பயன்பட்டபோதிலும் முன்பழக்கமற்ற நோயாளிகள் அடிமையாவது அரிது என்று ஐந்தாவது முடித்துவைத்தது.

இதில் பொய் ஒன்றுமில்லை. பதிவேட்டில் இருந்ததை அவர்கள் எண்ணிச் சொன்னார்கள். ஆனால் சொல்லாதவை பல. எவ்வளவு மருந்து, எத்தனை நாள், எந்த வலிக்கு என்ற செய்திகள் கடிதத்தில் இல்லை. வீடு திரும்பிய பின் அந்நோயாளிகள் என்ன ஆனார்கள் என்பதும் இல்லை. மருத்துவமனைக் கட்டிலில் செவிலியர் கையால் பெற்ற ஓரிரு வேளை மருந்தும், முதுகுவலிக்காக வீட்டில் மாதக்கணக்கில் விழுங்கும் மாத்திரையும் ஒன்றல்ல என்பதை விளக்க மருத்துவப் பட்டம் தேவையில்லை.

*

இக்கடிதம் பிறந்த சூழலையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மார்ஃபின் என்ற சொல்லே மருத்துவர்களை அஞ்சவைத்தது. புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் துடிப்பவர்களுக்குக்கூட அடிமையாகிவிடுவார்களோ என்ற தயக்கத்தில் மருந்து மறுக்கப்பட்டது. அக்கொடுமைக்கு எதிராகவே சிசிலி சாண்டர்ஸ் 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோஃபர் நல்வாழ்வு இல்லத்தைத் தொடங்கினார். 1986-இல் உலக சுகாதார நிறுவனம், புற்றுநோய் வலிக்குப் படிப்படியாக எம்மருந்தைத் தரலாம் என்று வழிகாட்டி வெளியிட்டது. அவ்வாறு துயர் துடைக்க முனைந்தவர்களுக்கு, அஞ்ச வேண்டாம் என்று சொல்லும் ஒரு சான்று தேவைப்பட்டது. ஐந்து வாக்கியங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

எனவே கடிதத்தைப் பிழையாக எடுத்தாளத் தொடங்கியவர்கள் அனைவரும் விலைபோனவர்கள் என்று நாம் கருதினால் வரலாற்றுக்கு நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டோம். முதற்பிழை கருணையிலிருந்து வந்தது. அதே 1986-இல் ரஸ்ஸல் போர்ட்டினாய், காத்லீன் ஃபோலி ஆகியோர் புற்றுநோயல்லாத நாள்பட்ட வலி கொண்ட 38 பேருக்கு இம்மருந்துகளை நெடுநாள் கொடுத்த அனுபவத்தை எழுதினர். முப்பத்தெட்டே பேர்; ஆயினும் புற்றுநோய் என்ற எல்லைக்கோடு அங்கே தாண்டப்பட்டது. 1990-இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் வெளியான கட்டுரை ஒன்று, போர்ட்டர்–ஜிக் கடிதத்தை விரிவான ஆய்வாகக் குறிப்பிட்டது. 2001-இல் ‘டைம்’ இதழில் அது மைல்கல் ஆய்வாகவே உயர்ந்துவிட்டது. கடிதத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதைச் சுட்டியவர்களின் சொற்கள்தாம் வளர்ந்துகொண்டே போயின.

*

இந்தக் கருணையின் மீது வணிகம் வந்து அமர்ந்தது 1996-இல். சாக்லர் குடும்பத்துக்குச் சொந்தமான பர்டூ ஃபார்மா நிறுவனம், அதற்கு முன்பே புற்றுநோய் வலிக்கான மெல்லக் கரையும் மார்ஃபின் மாத்திரையை விற்றுவந்தது. ஆனால் புற்றுநோயாளிகளின் எண்ணிக்கைக்கு வரம்புண்டு. முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் வரம்பில்லை. ஆக்ஸிகோடோன் என்னும் அபினி வகை மருந்தைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மெல்ல வெளிவிடும் ஆக்ஸிகான்டின் மாத்திரைக்கு 1995 டிசம்பரில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தந்தது. மெதுவாக உட்கிரகிக்கப்படுவதால் தவறான பயன்பாடு குறையும் என்று நம்பப்படுவதாக மருந்தின் விவரச் சீட்டிலேயே அச்சிடவும் இசைந்தது. நம்பப்படுகிறது என்பதற்குப் பின்னே ஆய்வு ஏதுமில்லை. மாத்திரையைப் பொடித்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்கான மருந்து ஒரே நொடியில் கிட்டும் என்பதைத் தெருக்கள் விரைவில் கண்டுகொண்டன.

வர்ஜீனியா மாநிலத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் பணியாற்றிய ஆர்ட் வான் ஸீ என்ற மருத்துவர், தம் நோயாளிகள் சீரழிவதைக் கண்டு தொடக்கத்திலேயே குரலெழுப்பியவர்களுள் ஒருவர். இம்மருந்து விற்கப்பட்ட முறையை 2009-இல் அவர் வெளியிட்ட கட்டுரை விரிவாகப் பதிவு செய்கிறது. 1996-க்கும் 2001-க்கும் இடையே நாற்பதுக்கும் மேற்பட்ட வலி மருத்துவக் கருத்தரங்குகளை நிறுவனம் தன் செலவில் நடத்தியது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் செவிலியர்களும் கலந்துகொண்டனர். நம் ஊரில் மெடிக்கல் ரெப் என்று அழைக்கிறோமே, அத்தகைய பிரதிநிதிகளின் எண்ணிக்கை 318-இலிருந்து 671 ஆயிற்று. முதல் சில நாள்களுக்கான மருந்தை இலவசமாகப் பெறும் கூப்பன்கள் வழங்கப்பட்டன. தொப்பிகளும் துணிப் பொம்மைகளும் பாட்டுக் குறுந்தகடுகளும் மருத்துவர்களின் மேசைகளை அலங்கரித்தன. 1996-இல் 4 கோடியே 80 லட்சம் டாலராக இருந்த விற்பனை, 2000-இல் ஏறத்தாழ 110 கோடி டாலரைத் தொட்டது.

இந்தப் பிரதிநிதிகள் மருத்துவர்களிடம் ஒப்பிக்கப் பயிற்றுவிக்கப்பட்ட வாசகங்களுள் ஒன்று, அடிமையாகும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பது. அதற்கு எடுத்துக்காட்டப்பட்ட ஆதாரங்களுள் நம் ஐந்து வாக்கியக் கடிதமும் ஒன்று. 11,882 பேரில் நால்வர் என்றால் ஒரு சதவீதத்துக்கும் மிகக் குறைவுதானே? கணக்கில் பிழையில்லை. கணக்கு யாரைப் பற்றியது என்பதுதான் வழியில் எங்கோ உதிர்ந்துபோனது.

மருத்துவ ஆய்வைப் பணம் கெடுக்கிறது என்றதும் திருத்தப்பட்ட அட்டவணைகளையும் மறைக்கப்பட்ட மரணங்களையும் நாம் கற்பனை செய்கிறோம். அத்தகைய வரலாறுகளும் உள்ளன. ஆனால் இங்கே ஆய்வாளர்கள் எவரும் விலைக்கு வாங்கப்படவில்லை, எண்கள் தூயவை. வாங்கப்பட்டது எதிரொலி. ஒரு தவறான வாசிப்பைக் கருத்தரங்கு கருத்தரங்காக, மேடை மேடையாகத் திரும்பச் சொல்வதற்கே பணம் செலவிடப்பட்டது. நூறு பேர் சொன்னால் நூற்றியோராவது மனிதர் மூலத்தைத் தேடிப் போக மாட்டார் என்பதை வணிகம் அறிந்திருந்தது. சில நிறுவனங்களிடம் நிதி பெற்றவரும் இம்மருந்துகளின் புகழ்பெற்ற பரப்புரையாளருமான போர்ட்டினாய், தாம் ஆற்றிய எண்ணற்ற உரைகளில் அடிமையாதல் பற்றிச் சொன்னவை உண்மையல்ல என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

*

2007-இல் பர்டூவின் துணை நிறுவனமும் மூன்று உயர் அதிகாரிகளும் வர்ஜீனியா நீதிமன்றத்தில் குற்றத்தை ஏற்று, 60 கோடி டாலருக்கு மேல் செலுத்த ஒப்பினர். 2019-இல் நிறுவனம் திவால் மனு அளித்தது. 2020-இல் மீண்டும் குற்றத்தை ஏற்றது. குடும்பத்தினருக்கு வழக்குகளிலிருந்து விலக்களிக்கும் உடன்பாட்டை 2024-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. 2025-இல் 740 கோடி டாலர் அளவிலான புதிய உடன்பாடு உருவானது. இதற்கிடையே 2010-இல் மாத்திரையைப் பொடிக்க இயலாதபடி மாற்றியமைத்தபோது, ஏற்கெனவே அடிமையாகியிருந்த பலர் ஹெராயினை நாடினர். அதன் பின் கள்ளச் சந்தை ஃபென்டனில் வந்தது. 1999 முதல் 2021 வரை அபினி வகைப் பொருள்களை அளவு மீறி உட்கொண்டு இறந்தோர் ஏறத்தாழ 6,45,000 பேர் என்கிறது அமெரிக்க அரசின் கணக்கு. அவை அனைத்தையும் ஒரு கடிதத்தின் மீதோ ஒரு நிறுவனத்தின் மீதோ சுமத்த இயலாது. ஆனால் முதல் கதவு எப்படித் திறந்தது என்பது இப்போது நமக்குத் தெரியும்.

அதைத் தெரியவைத்தவர்கள் கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த டேவிட் ஜுர்லிங்க் உள்ளிட்ட சில ஆய்வாளர்கள். அவர்கள் செய்தது, நம் போன்ற இலக்கிய வாசகர்களுக்கு மிகவும் பரிச்சயமான எளிய வேலை: எடுத்தாண்ட இடங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தார்கள். 2017 ஜூன் மாதம் அதே இதழில் முடிவை வெளியிட்டார்கள். கடிதம் 608 வெளியீடுகளில் எடுத்தாளப்பட்டிருந்தது. அதே காலத்தில் அதே இதழில் வந்த வேறு பதினொரு கடிதங்களின் இடைநிலை எண் வெறும் 11. எடுத்தாண்டவர்களில் 439 பேர், அடிமையாதல் அரிது என்பதற்குச் சான்றாகவே அதைக் காட்டினர். 491 பேர், அந்நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதைக் குறிப்பிடவே இல்லை. அச்செய்தி கடிதத்தின் முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது என்பதை நினைக்கும்போது, 608 பேரில் எத்தனை பேர் அந்த ஒற்றைப் பத்தியைக் கண்ணால் கண்டிருப்பார்கள் என்ற ஐயம் எழாமல் இல்லை.

ஏடெழுதுவோர் ஒருவரைப் பார்த்து ஒருவர் படியெடுக்கையில் ஒரு பிழை எப்படித் தலைமுறை தாண்டிப் பயணிக்கும் என்பதைத் தமிழ்ப் பதிப்பு வரலாறு நமக்குக் கற்றுத்தந்திருக்கிறது. பாடபேதம் காணப் பல ஏடுகளை ஒப்பிட்ட உ.வே.சாமிநாதையரின் உழைப்பை நாம் வியப்பதும் அதனால்தான். அங்கே தவறிய பாடத்தால் ஒரு செய்யுளின் பொருள் குன்றும். இங்கே தவறிய பாடம் மருந்துச் சீட்டாக மாறியது.

*

இந்த நம்பிக்கைச் சரிவின் விலையைக் கொடுப்பவர்கள் யார் என்பதுதான் நம்மை உறுத்தும் கேள்வி. 2016-இல் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் இம்மருந்துகளைக் கட்டுப்படுத்த வழிகாட்டி வெளியிட்டபோது, அதைக் கடுமையாகப் பொருள்கொண்ட மருத்துவர்கள், நெடுநாள் மருந்தெடுத்தவர்களுக்கு அதைத் திடீரென நிறுத்தினர். அது தங்கள் நோக்கமல்ல என்று 2019-இல் அவ்வழிகாட்டியின் ஆசிரியர்களே எழுத நேர்ந்தது. அதே 2019-இல், மருந்து நிறுவனங்களின் செல்வாக்கு படிந்துள்ளதாக அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் குற்றஞ்சாட்டியதை அடுத்து, உலக சுகாதார நிறுவனம் தன் வலி மருத்துவ வழிகாட்டிகள் இரண்டைத் திரும்பப் பெற்றது. மார்ஃபின் மிகுதியால் அல்லாமல் மார்ஃபின் இன்மையால் மக்கள் துன்புறும் நாடுகளில் பணியாற்றுவோர் அதனால் கவலையுற்றனர். அந்நாடுகளுள் நம்முடையதும் ஒன்று. சட்டபூர்வமாக அபினி விளையும் இந்தியாவில், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் விதித்த உரிமச் சிக்கல்களால் புற்றுநோயாளிகளுக்கு மார்ஃபின் எட்டாக்கனியாயிற்று. சட்டம் தளர்த்தப்பட 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அளவு மீறிய நம்பிக்கையால் இறந்தவர்களும், நம்பிக்கை முறிந்ததால் வலியில் விடப்பட்டவர்களும் ஒரே பிழையின் இரு கரைகளில் இருக்கிறார்கள். ஆய்வின் மீது நமக்குள்ள நம்பிக்கை, ஆய்வாளரின் நேர்மையால் மட்டும் நிலைப்பதில்லை. இடையில் உள்ள ஒவ்வொருவரும், மருத்துவரும் இதழாசிரியரும் நாமும், மூலத்தைப் புரட்டிப் பார்க்கும் சிறு சிரமத்தை மேற்கொள்வார்கள் என்ற எதிர்பார்ப்பும் அதில் அடங்கியுள்ளது. அச்சிரமத்தைத் தவிர்க்க உதவுவதற்காகவே இன்னொருவர் பணம் செலவிடக்கூடும் என்பது இவ்வரலாறு தரும் பாடம்.

ஹெர்ஷல் ஜிக் தம் கடிதம் இவ்வாறு பயன்பட்டதற்காக மிகவும் வெட்கி வருந்துவதாக 2017-இல் சொன்னார். அவ்வாண்டு அவ்விதழ் அக்கடிதத்துடன் ஒரு குறிப்பைச் சேர்த்தது: பொதுநலன் கருதி, இக்கடிதம் ஆராயாமல் மிகுதியாக எடுத்தாளப்பட்டுள்ளது என்பதை வாசகர் அறிய வேண்டும் என்பது அதன் சாரம். ஐந்து வாக்கியங்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்கு நேரிய உரை எழுத முப்பத்தேழு ஆண்டுகள் ஆயின. அதுவும் ஒரே வாக்கியம்தான்.