புழுதி தின்னும் பஞ்சு

டர்ட் பைக்கின் ஏர் ஃபில்டர் ஒரு வெடிப்பில் உருவாகிறது. பாலியூரிதேன் நுரையைப் பெரிய பாளமாக வார்த்து, ஆறவைத்து, இரும்புப் பெட்டகத்துக்குள் தள்ளிக் கதவைப் பூட்டுகிறார்கள். உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த வாயுவை நிரப்புகிறார்கள். ஒரு பொறி போதும். கண்ணிமைப்பதற்குள் தீ பாளத்தின் ஊடே ஓடி அடங்கிவிடும். பாளம் கருகுவதில்லை, ஒவ்வொரு குமிழியையும் மூடியிருந்த மெல்லிய சவ்வு மட்டும் உருகிப்போக, விளிம்புச் சட்டங்கள் மிஞ்சுகின்றன, தண்ணீரில் ஊறி நரம்பு மட்டும் நின்ற அரசிலை போல. காரக் கரைசலில் முக்கியும் இதே வேலையைச் செய்வதுண்டு. எப்படிச் செய்தாலும் கிடைப்பது, கன அளவில் நூற்றுக்கு 97 பங்கு வரை வெற்றிடமாக இருக்கும் ஒரு பொருள். தூசியைத் தடுக்கப் புறப்பட்டவனுக்கு உடம்பெல்லாம் ஓட்டை.

1937-இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயரும் கூட்டாளிகளும் பாலியூரிதேன் வேதியியலுக்கு வழிபோட்டார்கள். வளைந்துகொடுக்கும் நுரை 1950-களில் சந்தைக்கு வந்து சோபாவுக்கும் மெத்தைக்கும் போனது. அந்த ஸ்பாஞ்சும் ஃபில்டர் ஸ்பாஞ்சும் பங்காளிகள்தான். ஆனால் மெத்தைக்குப் போனது தீக்குளிக்காதது. அதன் சவ்வுகள் பல அப்படியே இருக்கும், காற்று தாராளமாகப் போகாது. பார்க்க ஒன்றுபோல் இருக்கிறதே என்று மெத்தைத் துண்டை வெட்டி, ஏர்பாக்ஸ் என்ற ஃபில்டர் பெட்டியில் திணிப்பவர்கள் மூச்சுமுட்டும் வண்டியைத்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.

சவ்வு போன பாளத்தை இரண்டு ரகமாகத் தேர்ந்தெடுத்து வெட்டுகிறார்கள். வெளியடுக்குக்குப் பெரிய துளை, உள்ளடுக்குக்குச் சிறிய துளை. இரண்டையும் பசையால் இணைத்து, பைக்கின் ஏர்பாக்ஸுக்குள் இருக்கும் கூண்டின் வடிவத்துக்குத் தொப்பிபோல வளைத்து ஒட்டுகிறார்கள். பெரிய துகள் முதல் அடுக்கிலேயே சிக்கிவிட்டால் உள்ளடுக்கு சீக்கிரம் அடைபடாது. பிறகு உலர்ந்தபடியே பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கடைக்கு அனுப்புகிறார்கள். பிரித்த கையோடு அப்படியே மாட்டினால் கூழாங்கல்லைத் தடுக்கும், இலைச் சருகைத் தடுக்கும். எஞ்சினைக் கொல்லும் தூசியைத் தடுக்காது.

ஏனென்றால் வடிகட்டும் வேலையைச் செய்வது நுரை இல்லை. நுரை வெறும் வீடு. வேலை செய்வது அதில் குடியேறும் எண்ணெய். சட்டங்கள் மேல் பிசுபிசுப்பாகப் படிந்த எண்ணெய்க்கு இடையே காற்று வளைந்து வளைந்து போகிறது. காற்றைவிடக் கனமான துகளால் அத்தனை வளைவில் திரும்ப முடியாமல் ஏதாவதொரு சட்டத்தில் மோதி ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய துகள் மேலும் எண்ணெய் ஊறி ஏறும். அது அடுத்த துகளைப் பிடிக்கும். புழுதியைக் கொண்டே புழுதியைப் பிடிக்கும் இந்தத் தந்திரம், எண்ணெய் வறண்டுபோகும் வரை செல்லும்.

எண்ணெயை நம்பும் யோசனை பைக்கோடு பிறந்ததில்லை. நம் ஊர் டிராக்டர்களில் இன்னும் காணக்கிடைக்கும் ஆயில் பாத் ஏர் கிளீனரும் இதே வித்தைதான். உள்ளே வரும் காற்று எண்ணெய்க் கிண்ணத்தின் மேல் சட்டென்று திரும்ப, தூசி எண்ணெயில் விழுந்துவிடும். அடியில் சேறு படியும். உழவு வண்டிக்கு அது சரி. எகிறிக் குதித்து, சாய்ந்து, சில நேரம் தலைகுப்புற விழும் வண்டியில் கிண்ணத்து எண்ணெய் கிண்ணத்தில் நிற்குமா? ஸ்பாஞ்சுக்குள் பிடித்துவைக்கப்பட்டால் எப்படி விழுந்தாலும் சிந்தாது.

பைக்குக்கு என்ன வேண்டியிருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 450 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 சுற்றில் முழு த்ராட்டிலில் ஓடினால், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்றிழுத்து, நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,800 லிட்டர் குடிக்கும். ஒரு மணி நேரம் என்றால் லட்சம் லிட்டர் தாண்டும். அந்தக் காற்றில் மிதக்கும் மண்துகளில் பெரும்பங்கு குவார்ட்ஸ்; மோஸ் கடினத்தன்மை அளவில் 7. சாதாரணக் கத்தியின் எஃகு அதற்குக் கீழே நிற்கிறது. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள எண்ணெய்ப் படலம் சில மைக்ரான் தடிமன்தான். அதற்கு நெருக்கமான அளவிலுள்ள, 5 முதல் 20 மைக்ரான் வரையிலான துகள்தான் இடுக்கில் புகுந்து அரைக்கும். மனித முடியின் பருமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்துக்கொண்டால் எதிரி எவ்வளவு சிறியவன் என்று புரியும். கண்ணுக்குத் தெரிகிற மணல், கண்ணை உறுத்தும் மணல், இவையெல்லாம் ஃபில்டரின் வாசலிலேயே நின்றுவிடும் அப்பாவிகள்.

ஃபில்டரைச் சோதிக்க ஆய்வகங்கள் வைத்திருக்கும் தரப்படுத்திய தூசிக்கு அரிசோனா தூசி என்று பெயர். அமெரிக்கப் பாலைநிலத்து மண்ணைச் சலித்து, துகளளவு வாரியாகப் பிரித்து, எடைபோட்டு விற்கிறார்கள். மண்ணுக்கும் தரச்சான்று!

இனி நம் ஃபில்டரை அது பேர்பெற்ற இடத்துக்கு அனுப்பிவைப்போம். டக்கார் ரேலி. 1977-இல் லிபியப் பாலைவனத்தில் வழிதவறித் தவித்து உயிர்பிழைத்த தியரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர், மறு ஆண்டு டிசம்பர் 26 அன்று பாரிஸிலிருந்து கிளப்பிய பந்தயம். முதல் பந்தயத்தின் பைக் பிரிவில் வென்றவர் யமஹா எக்ஸ்டி 500 ஓட்டிய சிரில் நெவூ. பிறகு அது ஆப்பிரிக்காவை விட்டு 2009-இல் தென் அமெரிக்காவுக்கும், 2020-இல் சவுதி அரேபியாவுக்கும் இடம் மாறியது. 2024 பந்தயத்தில் ரேலி 2 பிரிவை வென்ற ஹரித் நோவா கேரளத்துக்காரர். ஓட்டியது ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டிவிஎஸ்ஸும் பிரான்ஸின் ஷெர்கோவும் சேர்ந்து நடத்திய அணியின் வண்டி.

அணியில் இருப்பவருக்கு மெக்கானிக் உண்டு. மாலையில் வண்டியை ஒப்படைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். உதவியாளர் இல்லாமலே ஓடும் தனிப் பிரிவு ஒன்றும் உண்டு. அதில் ஓடுபவருக்கு 80 லிட்டர் கொள்ளும் ஒரே ஒரு பெட்டிதான். அதற்குள்தான் இரண்டு வாரத்துக்கான கருவியும் உதிரியும். டக்காரின் உண்மையான கதாநாயகர்கள் இவர்கள்தான் என்பது என் கட்சி. இவர்கள் பாலைவனத்தில் ஃபில்டரைக் கழுவுவதில்லை. வீட்டிலேயே நாளுக்கு ஒன்று என்று எண்ணெய் போட்டு, பிழிந்து, காற்றுப் புகாத ஜிப் கவரில் மடக்கி வைத்துவிடுகிறார்கள். நுரை நசுங்கும், பெட்டிக்குள் எந்த மூலையிலும் அடங்கும். அங்கிருந்து கப்பலில் ஏறிச் செங்கடல் கரைக்குப் பயணம். ஒரே நிலையில் வாரக்கணக்கில் கிடந்தால் எண்ணெய் மெல்ல வழிந்து அடிப்பக்கம் தேங்கிவிடும், மேல்பக்கம் வெளிறிப்போகும். அதனால் கவரைத் திறக்காமலே வெளியிலிருந்து பிசைந்து, சாயம் எல்லா இடத்திலும் ஒரே நிறமாகப் பரவியதைப் பார்த்த பிறகே மாட்டுவார்கள். ஃபில்டர் எண்ணெய்க்கு நீலம், சிவப்பு என்று சாயம் ஏற்றுவதே இதைப் பார்ப்பதற்காகத்தான்.

பந்தயத்தில் ஒவ்வொரு ஃபில்டருக்கும் ஒரு நாள் வாழ்வு. காலையில் கல்லும் சரளையும். நண்பகலில் மணல்மேடு. பார்க்க அச்சமூட்டினாலும் மேட்டு மணல் பருத்த, உருண்ட மணி. ஃபில்டருக்கு அது விளையாட்டு. அஞ்ச வேண்டியது ஃபெஷ்ஃபெஷ் என்று டக்கார்க்காரர்கள் சொல்லும் மாவுப் புழுதி. முகப் பவுடரைப் போல நுண்மையானது. சக்கரம் பட்டதும் புகையாக எழும்பி அடங்க மறுக்கும். முன்னால் போகிறவர் கிளப்பிய மேகத்துக்குள் ஓட்டுபவரின் ஃபில்டர் தனியாக ஓட்டுபவருடையதைவிடப் பல மடங்கு தின்றாக வேண்டும். மோட்டோகிராஸ் பந்தயத்திலும் இதே கதை: நாற்பது வண்டிகள் ஒரே கேட்டிலிருந்து பாய்கின்றன. முதல் வளைவில் பின்தங்கியவர் இடத்தை மட்டுமா இழக்கிறார்? சிலர் ஃபில்டர் மேல் எண்ணெய் தோய்த்த மெல்லிய உறையும் மாட்டுவார்கள்; உறை அழுக்கானதும் அதை மட்டும் உரித்துவிட்டு ஓடலாம். 2024 டக்காரில் ருப் அல் காலி பாலைவனத்தில் 48 மணி நேரச் சுற்று ஒன்றை அமைப்பாளர்கள் வைத்தார்கள். மாலை 4 மணி ஆனதும் அடுத்து வரும் முகாமில் எல்லோரும் நின்றுவிட வேண்டும். மெக்கானிக் இல்லை, இரவு அங்கேயே. அணி வீரர்களும் அன்றைக்குத் தங்கள் வண்டியைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள்.

ஃபில்டரின் வாழ்க்கையில் ஆபத்தான நேரம் ஓட்டம் இல்லை. கழற்றி மாட்டும் அந்த ஐந்து நிமிடம்தான். தூசி பெரும்பாலும் ஃபில்டரைத் துளைத்துக்கொண்டு எஞ்சினுக்குள் போவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறது. முதலில் சீட்டையும் ஏர்பாக்ஸ் வாயையும் துடைக்காமல் ஃபில்டரை இழுத்தால், விளிம்பில் குவிந்திருந்த புழுதி திறந்த இன்டேக் குழாய்க்குள் கொட்டும். வெளியே எடுத்ததும் அந்த வாயைச் சுத்தத் துணியால் அடைக்க வேண்டும். பெட்டியின் உட்புறத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு விரலைக் குழாய்க்குள் விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். நறநறத்தால், ஏற்கெனவே எங்கோ கசிந்திருக்கிறது. புது ஃபில்டரின் விளிம்பில் கிரீஸ் தடவி, கூண்டில் சரியாக உட்கார்ந்ததா என்று சுற்றிலும் அமுக்கிப் பார்த்துத் திருகியால் முடுக்க வேண்டும். ஒரு மடிப்பு விழுந்தால் போதும், மேலே சொன்ன லட்சம் லிட்டரில் ஒரு பங்கு அந்த வழியாகப் போகும். விலை உயர்ந்த எண்ணெயைத் தேடி அலைபவர்களில் பலர் கிரீஸ் டப்பாவை மறந்துவிடுவது எனக்குப் புரியாத புதிர்.

அப்படிப் புழுதி உள்ளே போனது உடனே தெரியாது. எஞ்சின் சீறும், வேகம் குறையாது. முதல் அறிகுறி வேறெங்கோ வரும்: ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். மோட்டோகிராஸ் ரக ஃபோர் ஸ்ட்ரோக் பலவற்றில் இன்டேக் வால்வு டைட்டானியம். லேசானது, மேலே மெல்லிய கடினப் பூச்சு. புழுதி பூச்சைத் தேய்த்துவிட்டால் வால்வு தன் இருக்கையில் பள்ளம் விழுந்து மேலேறும், க்ளியரன்ஸ் குறையும், வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரெஷன் நழுவும். சரிசெய்த க்ளியரன்ஸ் சில நாளில் மறுபடி இறுகினால், விவரம் தெரிந்த மெக்கானிக் வால்வைத் திட்டமாட்டார். ஏர்பாக்ஸைத் திறக்கச் சொல்வார்.

பந்தயம் முடிந்து அழுக்குக் கவர்களோடு ஊர் திரும்பியதும் குளியல். மண்ணெண்ணெயோ, ஃபில்டருக்கென்றே விற்கும் கிளீனரோ போதும். பெட்ரோல் வேண்டாம், அது பசையை இளக்கும், தீயையும் அழைக்கும். தண்ணீரில் கரையும் ரக எண்ணெய் போட்டிருந்தால் அதற்குரிய தூளில்தான் ஊறவைக்க வேண்டும். அமுக்கிப் பிழியலாம், முறுக்கக் கூடாது. தையல்போல ஓடும் பசைக்கோடு பிரிந்துவிடும். பிறகு சோப்புத் தண்ணீர், உள்ளிருந்து வெளியே பாயும்படி அலசல், நிழலில் உலர்த்தல். நம் ஒர்க்ஷாப்புகளில் கைக்கு வசதியான கம்ப்ரெசர் காற்று பேப்பர் ஃபில்டரையே கிழிக்கும்; ஃபோமில் அது புழுதியை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும். முழுக்க உலர்ந்தபின் எண்ணெய் ஊற்றி, மாவு பிசைவதற்கான பொறுமையோடு பிசைந்து, மிச்சத்தைப் பிழிந்தெடுத்து, எண்ணெயோடு கலந்த கரைப்பான் ஆவியாகும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மாட்டினால் வழிந்து ஏர்பாக்ஸில் தேங்கும், வண்டி இருமும்.

இத்தனை குளியலுக்கும் அது எத்தனை ஆண்டு தாங்கும்? ஈரமும் வெயிலும் வயதும் பாலியூரிதேனைத் தின்னும். முதலில் பசைக்கோடு வாய்பிளக்கும். அடுத்து நுரை அமுக்கினால் எழாமல் கிடக்கும். கடைசியில் கிள்ளினால் உதிரும். உதிர்ந்த பொடி போகும் வழி எஞ்சினுக்குத்தான், அதுவும் சுத்தமான பக்கத்திலிருந்து. அந்தக் கட்டத்துக்கு முன்பே கத்தரியால் வெட்டி எறிந்துவிட வேண்டும். ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு: “இருக்கட்டும், அவசரத்துக்கு ஆகும்” என்று கழுவி மடித்து டூல் பாக்ஸின் அடியில் போட்டுவைப்பார்கள். அவசரம் வரும் நாளில் எடுத்துப் பிரித்தால் விரலோடு மாவாக வரும். அன்றைக்குப் பழைய அழுக்கு ஃபில்டரையே தட்டி மாட்டிக்கொண்டு ஓட்டுவார்கள்.