ஓயாது பூக்கும் பயிரில் பூச்சி எண்ணிக்கை: கலிபோர்னிய ஸ்ட்ராபெரி வயலை முன்வைத்து ஒரு வாதம்

பெரிப் பயிர்களின் பூச்சி மேலாண்மையில் முதல் விதியாகச் சொல்லப்படுவது, பூத்திருக்கும்போது மருந்து தெளிக்கக் கூடாது என்பது. மிச்சிகன் மாநிலத்துப் புளூபெரித் தோட்டங்களில் இவ்விதிக்குப் பொருள் உண்டு. அங்கே பூப்பு சில வாரங்களில் முடிந்துவிடும்; தேனீப் பெட்டிகளை அப்புறப்படுத்திய பின் தெளிப்பானை எடுக்கலாம். கலிபோர்னியாவின் வாட்சன்வில், சலினாஸ் வட்டாரத்து ஸ்ட்ராபெரிக்கு அப்படியோர் இடைவெளி வாய்ப்பதில்லை. பகல் நீளத்தைச் சாராத ரகங்கள் அங்கே வசந்தம் தொடங்கி இலையுதிர் காலம் வரை பூத்துக்கொண்டே காய்க்கின்றன. மொட்டும் மலரும் காயும் பழமும் ஒரே செடியில் இருக்கும். இத்தகைய பயிரில் பூச்சியை மட்டும் எண்ணி முடிவெடுப்பது போதாது. மலர் சரியாகக் கருவுற்றதா என்பதையும் சேர்த்துக் கண்காணித்தால்தான் அந்த எண்ணுக்கே பொருள் வரும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

எண்ணி முடிவெடுக்கும் முறைக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தது, ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பாஷ், ஹேகன் ஆகிய நால்வர் 1959இல் ‘ஹில்கார்டியா’ இதழில் எழுதிய கட்டுரை. பொருளாதாரச் சேத நிலை என்று இன்று வேளாண் மாணவர் ஒவ்வொருவரும் படிக்கும் கருத்து அங்கிருந்து வந்தது. அந்த ஆய்வு எந்தப் பயிரில் பிறந்தது என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. அது குதிரைமசால் அசுவினியைப் பற்றிய ஆய்வு. குதிரைமசால் தழைக்காக அறுக்கப்படும் தீவனப் பயிர். அதன் மகசூலுக்குத் தேனீ தேவையில்லை. ஆகவே அந்தக் கணக்கில் இயற்கை எதிரிகளுக்கு இடமிருந்தது, மகரந்தம் சுமக்கும் பூச்சிகளுக்கு இடமில்லை. அது அக்கோட்பாட்டின் குறையன்று. அதை மலரும் பயிருக்கு மாற்றாமல் எடுத்துவந்தவர்கள் விட்ட இடைவெளி.

ஸ்ட்ராபெரியில் அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை லைகஸ் நாவாய்ப்பூச்சி காட்டுகிறது. இதன் இளம்பூச்சியும் வளர்ந்த பூச்சியும் மலரிலும் இளங்காயிலும் உள்ள விதைகளைக் குத்தி உறிஞ்சுகின்றன. குத்துப்பட்ட விதையைச் சுற்றிய சதை வளராமல் நின்று, பழம் சுருங்கிக் கோணலாகிறது. காரணத்தை ஜான் நிட்ச் 1950இல் வெளியிட்ட சோதனைகள் விளக்கின: நாம் உண்ணும் சதைப்பகுதி பூத்தளம், அதை வளரச் செய்யும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் விதைகளிலிருந்து வருகிறது. விதையை நீக்கிய இடத்தில் சதை திரளாது.

விதை எதனால் செயலிழந்தது என்று சதைக்குத் தெரியாது. பூச்சி குத்தினாலும் கோணல். மகரந்தம் வந்து சேராமல் விதை கருவுறாது போனாலும் கோணல். ஆனால் விதையில் வேறுபாடு உண்டு. லைகஸ் தாக்கிய இடத்தில் விதைகள் பெருத்து, வைக்கோல் நிறத்தில், உள்ளீடின்றி இருக்கும். கருவுறாத இடத்தில் அவை சிறுத்தே நிற்கும். கையில் ஓர் உருப்பெருக்கியோடு கோணல் பழங்களைப் பார்ப்பவருக்கு இது புரியும். பார்க்காமல் கோணல் பழம் என்றதும் லைகஸ் மருந்தைத் தெளிப்பவர், குறை மகரந்தச் சேர்க்கையில் இருந்தால், அந்தக் குறையைத் தம் கையாலேயே பெருக்குகிறார். அடுத்த அறுவடையில் கோணல் கூடும்; கூடியதே இன்னொரு தெளிப்புக்குச் சான்றாகிவிடும்.

ஸ்ட்ராபெரி மலர் தன் மகரந்தத்தாலேயே கருவுறக்கூடியது, காற்றும் உதவுகிறது, எனவே தேனீயை இவ்வளவு பெரிதுபடுத்த வேண்டாம் என்று மறுப்பு எழலாம். ஜெர்மனியில் கிளாட்டும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. தன்மகரந்தத்தாலும் காற்றாலும் விளைந்தவற்றைவிடத் தேனீக்கள் வந்துபோன மலர்களின் பழங்கள் கனமாகவும் உறுதியாகவும் இருந்தன, கோணலும் குறைவு. காற்று செய்வது பாதி வேலை.

கண்காணிப்பில் காலமும் முக்கியம். பூ பழமாக மூன்று, நான்கு வாரம் ஆகும். பழத்தின் கோணலைப் பார்த்துத் தெளிப்பது மூன்று வாரத்துக்கு முந்தைய பூச்சிக்கு மருந்து வைப்பது. அதனால்தான் செடியைத் தட்டித் தட்டில் விழும் இளம்பூச்சிகளை எண்ணச் சொல்கிறார்கள். 20 செடிக்கு ஓர் இளம்பூச்சி என்பது கலிபோர்னியாவில் வழங்கும் வரம்பு. அதற்கும் முன்னே, வேலியோரக் காட்டு முள்ளங்கியிலும் கடுகிலும் தேட வேண்டும். குன்றுகள் காயும்போது அங்கிருந்துதான் லைகஸ் வயலுக்குள் இறங்குகிறது.

மலருக்குள் கூட்டமாகத் தெரியும் இலைப்பேனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பூவுக்குப் பத்து வரை பெரும்பாலும் பொறுக்கலாம். அதை உண்ணும் ஓரியஸ் பூச்சியும் அதே பூவில்தான் இருக்கும்.

தெளிக்காமல் என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்த வட்டாரமே ஒரு விடை கண்டது. இயற்கை வேளாண் வயல்களில் ஷான் ஸ்விஸியும் உடனிருந்தோரும் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்ட்ராபெரி வரிசைகளுக்கிடையே குதிரைமசால் பொறிப்பயிராக வளர்க்கப்பட்டது. லைகஸ் அதையே அதிகம் நாடும். டிராக்டரில் பொருத்திய உறிஞ்சு இயந்திரத்தை முழு வயலிலும் ஓட்டாமல் அந்த வரிசையில் மட்டும் ஓட்டினால் போதும். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பெரிஸ்டீனஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவியும் லைகஸ் இளம்பூச்சிகளில் முட்டையிட்டு அங்கே நிலைத்துவிட்டது. உறிஞ்சு இயந்திரத்துக்குக் குறை உண்டு: வளர்ந்த பூச்சியை இழுக்கும் அளவுக்கு இளம்பூச்சியை இழுக்காது. ஆனாலும் மலர்களின் மேல் நஞ்சு படிவதில்லை என்பது, ஆறேழு மாதம் ஓயாது பூக்கும் பயிரில், பெரிய ஆதாயம் என்றே கருதுகிறேன்.

‘தேனீக்குப் பாதுகாப்பான’ மருந்து என்ற சமாதானத்தையும் சோதித்தே ஏற்க வேண்டும். லைகஸ் இளம்பூச்சிக்குத் தெளிக்கப்படும் நோவலூரான், தோலுரித்தலைத் தடுக்கும் வளர்ச்சி ஒழுங்குபடுத்தி. வளர்ந்த தேனீயை அது உடனே கொல்வதில்லை. ஆனால் விதைக்காக வளர்க்கும் குதிரைமசாலுக்கு மகரந்தம் சேர்க்கும் இலைவெட்டித் தேனீக்களில் முட்டைகளும் புழுக்களும் அதனால் அழிந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. மருந்து தெளித்த மறுநாள் மலரில் தேனீ தென்படுவது எதற்கும் சான்றாகாது. அடுத்த தலைமுறை எழுந்ததா என்பதே கேள்வி.

எனவே வயல் கண்காணிப்புப் படிவத்தில் இரண்டு பத்திகளைச் சேர்க்க வேண்டும் என்கிறேன். ஒன்று, குறித்த நேரத்தில் குறித்த எண்ணிக்கை மலர்களுக்கு வந்துபோன தேனீக்களும் ஈக்களும். மற்றொன்று, கழித்துப் போட்ட கோணல் பழங்களில் பெருத்த வெற்று விதை எத்தனை பழத்தில், சிறுத்த விதை எத்தனை பழத்தில் என்பது. இந்த இரண்டாவது பத்தியை நிரப்பப் பூச்சியியல் நிபுணர் வர வேண்டியதில்லை. ஒவ்வொரு பழத்தையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பவர்கள் பறிக்கும் தொழிலாளர்கள். விதை வேறுபாட்டை அவர்களுக்குக் காட்டிக்கொடுத்து, அவர்கள் அதற்குச் செலவிடும் நேரத்துக்குக் கூலியும் கொடுத்தால், தெளிப்பதா வேண்டாமா என்ற முடிவுக்கு வேண்டிய தகவல் ஒவ்வொரு பறிப்பிலும் வயலோரத்திலேயே கிடைக்கும்.