மின் டபுள் பேஸ்

மின் டபுள் பேஸ் என்பது நின்றபடி விரலாலோ வில்லாலோ இசைக்கப்படும் தாழ்சுரத் தந்திக் கருவி ஆகும். இசைக் கலைஞரிடையே எலெக்ட்ரிக் அப்ரைட் பேஸ் என்ற பெயரும் வழங்குகிறது. டபுள் பேசின் பெரிய மரக்கூடு இதில் மிகச் சிறுத்துவிட்டது, சில வடிவங்களில் முற்றிலும் இல்லை. தந்தியின் அதிர்வைப் பிக்கப் எனப்படும் உணரி மின்குறிப்பாக மாற்றுகிறது. பெருக்கியும் ஒலிபெருக்கியும் அதை ஒலியாக்குகின்றன.

ஈரமும் உப்பும் மிகுந்த கடலோரங்களில் மரக்கூடுள்ள டபுள் பேசைப் பேணுவது கடினம். சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரியைச் சூழ்ந்த மீனவர் ஊர்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அத்தகைய இடங்களில் மின் டபுள் பேசால் விளையும் நன்மையும் அதற்கே உரிய தொல்லைகளும் கீழே தனிப்பிரிவில் தரப்பட்டுள்ளன.

வரலாறு

கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய லாயிட் லோர் 1920களிலேயே மின் பேசுக்கான முயற்சிகளில் ஈடுபட்டார். அக்காலப் பெருக்கிகளுக்குத் தாழ்சுரங்களை ஒலிக்கும் ஆற்றல் இல்லை. 1930களின் நடுவில் ரிக்கன்பேக்கர் முதலிய அமெரிக்க நிறுவனங்கள் கூடற்ற பேசுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தும் அவை பரவவில்லை. 1940களில் எவரெட் ஹல் என்பவர் டபுள் பேசின் ஊன்றுமுளைக்குள் ஒலிவாங்கியைப் பொருத்தினார். பெருக்கப்பட்ட முளை என்ற பொருளில் அமைந்த ஆம்பெக் என்பதே அவரது நிறுவனத்தின் பெயராயிற்று.

லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பேஸ் கிட்டார், மேடைகளில் டபுள் பேசின் இடத்தை விரைவில் பிடித்துக்கொண்டது. எனினும் 1962இல் ஆம்பெக் வெளியிட்ட நெகிழி உடல் கொண்ட பேபி பேஸ், சால்சா இசைக்குழுக்களில் நிலைபெற்றது. செருமானியக் கலைஞர் எபர்ஹார்ட் வெபர் 1970களில் ஐந்து தந்திகள் கொண்ட மின் பேசைத் தன் தனிக்குரலாகவே ஆக்கினார். பின்னர் நெட் ஸ்டைன்பெர்கர் வடிவமைத்தவையும், யமாகாவின் சைலண்ட் பேஸ் வரிசையும் பரவலாயின.

தமிழ்த் திரையிசையில் 1950கள், 60களின் சென்னை இசைக்குழுக்களில் டபுள் பேஸ் இடம்பெற்றிருந்தது. பின்னர் பேஸ் கிட்டார் அதன் பணியை ஏற்றது. இளையராசாவின் இசையில் சசிதரனும், ஏ. ஆர். ரகுமானின் இசையில் கீத் பீட்டர்சும் வாசித்த பேஸ் கிட்டார் வரிகள் வழியாகவே பெரும்பாலான தமிழ்க் கேட்போர் தாழ்சுரத்தைத் தனியே கவனிக்கக் கற்றனர் எனலாம்.

சுருதி

நான்கு தந்திகளும் தாழ்ந்ததிலிருந்து ஈ (41.2 ஹெர்ட்ஸ்), ஏ (55), டி (73.4), ஜி (98) என்று கூட்டப்படுகின்றன. பாடகரின் சுருதி இரண்டு கட்டை, அதாவது டி, எனில் டி தந்தியும் ஏ தந்தியும் திறந்த நிலையிலேயே சட்சமும் பஞ்சமமும் தரும். ஈ தந்தியை ஒரு முழுச்சுரம் இறக்கினால் கீழ்ச் சட்சமும் கிடைக்கும். வீணையில் உள்ளது போன்ற மெட்டுகள் விரற்பலகையில் இல்லாததால் கமகம் இழுக்கத் தடையில்லை. அதே காரணத்தால் சுருதி பிசகவும் தடையில்லை.

தேர்ந்தெடுத்தல்

முதலில் பார்க்கவேண்டியது தந்தியின் அதிரும் நீளம். வழக்கமான முக்கால் அளவு டபுள் பேசில் இது ஏறத்தாழ 106 செ.மீ., பேஸ் கிட்டாரில் 86.4 செ.மீ. முதல் முழுச்சுர இடைவெளி முன்னதில் 11.6 செ.மீ., பின்னதில் 9.4 செ.மீ. டபுள் பேஸ் பயில்பவர் குறுநீளக் கருவி வாங்கினால் கை இரண்டு அளவுகளைக் கற்க நேரிடும். பேஸ் கிட்டாரிலிருந்து வருபவருக்குக் குறுநீளம் எளிது. ஆனால் ஒலி பேஸ் கிட்டாரை நோக்கியே சாயும்.

இழுவிசையும் நீளத்தோடு மாறுகிறது. ஒரே தந்தியை ஒரே சுருதியில் கூட்டினால் இழுவிசை நீளத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே 106 செ.மீ. கருவிக்கான தந்தியை 86.4 செ.மீ. கருவியில் பூட்டினால் இழுவிசை மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்து தந்தி தளர்ந்து அடிக்கும். தந்தி வாங்கும்போது உறையில் குறித்துள்ள நீளத்தைப் படிப்பது அவசியம்.

அடுத்தது பிக்கப். காந்த வகை எஃகுத் தந்திகளை மட்டுமே உணரும். நரம்பு, நைலான் தந்திகளுக்கு அது பயன்படாது. குதிரையின் அழுத்தத்தை உணரும் பீசோ வகை எல்லாத் தந்திகளுக்கும் பொருந்தும், வில்லோசையையும் நன்கு தரும். ஆனால் பீசோ ஒரு மின்தேக்கி போன்றது. பெருக்கியின் உள்ளீட்டு மின்தடையோடு சேர்ந்து அது தாழ்சுரங்களை வெட்டும் வடிகட்டியாகிவிடுகிறது. 1 நானோஃபாரட் மின்தேக்குதிறன் கொண்ட பீசோவை 50 கிலோஓம் உள்ளீடுள்ள கலவைக் கருவியில் நேரே செருகினால் ஏறத்தாழ 3200 ஹெர்ட்சுக்குக் கீழுள்ளவை மங்கும். அதாவது பேசில் பேஸ் இருக்காது. 1 மெகாஓமில் வெட்டு 160 ஹெர்ட்சுக்கும், 10 மெகாஓமில் 16 ஹெர்ட்சுக்கும் இறங்கும். கருவி மட்டமானது என்று பழிக்கப்படும் பல வேளைகளில் குற்றம் இந்த இணைப்பில்தான் இருக்கும். முன்பெருக்கி உள்ளேயே அமைந்த கருவியில் இத்தொல்லை இல்லை. ஆனால் மின்கலத்தை நினைவில் வைத்திருக்கவேண்டும்.

மூன்றாவது உடலோடு பொருந்துதல். டபுள் பேசில் கழுத்து கூட்டைச் சேரும் அடிப்பகுதியில் கை முட்டும்போது, முதல் விரல் ஜி தந்தியில் டி சுரத்தில் இருக்கும் (சில கருவிகளில் அரைச்சுரம் மேலே). கண்ணால் பாராமல் இடமறிய உதவும் இந்த அடையாளமும், விலாவில் சாயும் கூட்டின் விளிம்பும் மின் பேசில் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். தாங்கியில் நிற்கும் கருவி அசையாது. ஊன்றுமுளையும் முழங்கால் தாங்கலும் உடையது டபுள் பேசுக்கு நெருக்கமானது. வில் பயன்படுத்த எண்ணுவோர் குதிரையின் மேல்விளிம்பு வளைவாக இருப்பதை உறுதிசெய்யவேண்டும். தட்டையான குதிரையில் நடுத்தந்தியை மட்டும் தனியே வில்லால் தொட இயலாது.

ஒழுங்கமைத்தல்

குதிரை பெரும்பாலும் தந்திகளின் அழுத்தத்தால் மட்டுமே நிற்பதால் தந்திகளை ஒவ்வொன்றாகவே மாற்றவேண்டும். எல்லாவற்றையும் ஒருசேரக் கழற்றினால் குதிரை விழும். சுருதி ஏற்றும்போது குதிரையின் தலை விரற்பலகைப் பக்கம் சாயும், அதை அவ்வப்போது இரு கைகளாலும் நிமிர்த்தவேண்டும்.

பின்னர் கழுத்தின் வளைவு. ஒரு தந்தியை விரற்பலகையின் இரு முனைகளிலும் அழுத்தினால் நடுவில் ஏறத்தாழ 1 மி.மீ. இடைவெளி தெரியவேண்டும். கழுத்துக்குள் திருகுகோல் இருப்பின் ஒருமுறைக்குக் கால் சுற்று மட்டும் திருகி, சுருதி கூட்டி, மறுநாள் மீண்டும் பார்ப்பது நல்லது. கழுத்தைச் சரிசெய்யாமல் குதிரையைத் தாழ்த்துவோர் பலர். அவர்களுக்குத் தந்தி மேல்பகுதியில் இரைந்துகொண்டே இருக்கும்.

குதிரையின் உயரத்துக்குத் தொடக்க அளவாக, விரற்பலகையின் முடிவில் ஜி தந்திக்கு 5–6 மி.மீ., ஈ தந்திக்கு 8–9 மி.மீ. கொள்ளலாம். விரலால் மட்டும் இசைப்போர் இதற்கும் கீழே போகலாம். தலைப்பக்கத்தில் தந்திகள் தங்கும் சிறு கட்டையருகே ஒரு முகவரி அட்டை நுழையும் இடைவெளி போதும். இறுதியாக, தந்தியின் நடுவில் விரலால் தொட்டு எழுப்பும் மேற்சுரமும் அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் சுரமும் ஒத்துவரும்வரை குதிரையை முன்பின் நகர்த்தவேண்டும். கருவியை நிறுத்தும்போது தலைப்பக்கக் கட்டை புருவத்தின் உயரத்தில் இருப்பது வழக்கம்.

உப்பங்காற்றில்

இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு ஏரியை ஸ்ரீஅரிக்கோட்டாத் தீவு வங்காள விரிகுடாவிலிருந்து பிரிக்கிறது. கடலுக்கும் ஏரிக்கும் இடைப்பட்ட ஊர்களில் இரு பக்கமும் உப்புநீர். ஏரிக்குள் இருக்கும் தீவூர்கள் சிலவற்றுக்குப் படகே வழி. ஏறத்தாழ ஆளுயரமும் அகன்ற மெல்லிய கூடும் கொண்ட டபுள் பேசைப் படகில் ஏற்றுவதைவிட, ஒரு துடுப்பைப் போலத் தோளில் சாத்தக்கூடிய கருவியை ஏற்றுவது எளிது.

மரம் ஈரத்தை உறிஞ்சி இழைக்குக் குறுக்கே விரிகிறது, உலரும்போது சுருங்குகிறது. மெல்லிய கூட்டில் இது ஒட்டுகளைப் பிளக்கும். கூடற்ற கருவியில் அந்த அச்சம் குறைவு, ஆனால் கழுத்து அசையவே செய்யும். வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் கோடையிலும் உயரத்தை ஒருமுறை அளப்பது தகும். உப்பின் உண்மையான இரை உலோகம். உப்புத்துகள் காற்றின் ஈரத்தை இழுத்துத் தந்தியையும், செருகியின் தொடர்புகளையும், குதிரைத் திருகாணிகளையும் துருவேற்றும். வாசித்தபின் உலர்ந்த பருத்தித் துணியால் துடைப்பதும், சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உறைக்குள் இடுவதும், ஈர உறையில் கருவியை அடைக்காதிருப்பதும் போதிய காப்பு. பெரும்பாலான கருவிகளில் கம்பியைச் செருகினாலே முன்பெருக்கி இயங்கும். ஆகவே வாசித்து முடிந்ததும் கம்பியைக் கழற்றவேண்டும். நெடுநாள் வைப்பின் மின்கலத்தையும் எடுத்துவிடவேண்டும், கசிந்த மின்கலம் உப்பைவிடக் கொடியது.

மின்வழங்கலில் ஒரு நுட்பம் உண்டு. இந்தியாவில் மின்னோட்டத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். ஈ தந்தியின் மூன்றாம் அரைச்சுரமான ஜி 49 ஹெர்ட்ஸ். ஆகவே மின்னிரைச்சலை வடிகட்டியால் வெட்டினால் அச்சுரமும் அதன் அண்டைச் சுரங்களும் கூடவே போகும். இரைச்சலை அதன் பிறப்பிடத்திலேயே தீர்ப்பதுதான் வழி. நிலஇணைப்புள்ள மூன்று முளைச் செருகியும், நல்ல மறைப்புறை கொண்ட குறுங்கம்பியும் வேண்டும். ஈர மணலில் வெறுங்காலோடு நின்று எஃகுத் தந்தியைத் தொடுபவருக்கு நிலஇணைப்பு உயிர்க்காப்பும் ஆகும். நிலஇணைப்பு முளையை ஒடித்து இரைச்சலை நிறுத்தும் பழக்கம் மேடைகளில் காணப்படுகிறது. அது கொல்லக்கூடியது.

திருவிழாக்களில் கட்டப்படும் கூம்பு ஒலிபெருக்கிகள் பேச்சுக்கும் நாதசுவரத்துக்கும் ஏற்றவை. சில நூறு ஹெர்ட்சுக்குக் கீழே அவை ஏறக்குறைய ஊமை. அவற்றின் வழியே ஈ தந்தியின் அடிப்படைச் சுரம் வெளிவராது, அதன் மேற்சுரங்களே கேட்கும். அவற்றிலிருந்து செவி அடிச்சுரத்தை ஓரளவு ஊகித்துக்கொள்ளும். அத்தகைய மேடையில் தாழ்சுரத்தை ஏற்றுவது பெருக்கியைத்தான் சூடாக்கும். 200 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைச் சற்றே உயர்த்தி, டி, ஜி தந்திகளில் மேலே வாசித்தால் வரி தெளிவாகக் கேட்கும். 12 அல்லது 15 அங்குலக் கூம்புகொண்ட தனிப் பேஸ் ஒலிபெருக்கி ஒன்றை வாசிப்பவர் அருகில் வைக்க இயன்றால் இந்த மாற்றங்கள் தேவைப்படா.