தகடும் பூச்சும்: கார் உடற்கூட்டுத் தொழிலின் வரலாறு

மோட்டார் கார் தோன்றிய காலத்தில் அதன் உடற்கூட்டைச் செய்தவர்கள் புதிதாகத் தொழில் கற்றவர்கள் அல்லர். அதுவரை குதிரை வண்டி கட்டிவந்த தச்சர்களும் தகட்டு வினைஞர்களும் வண்ணம் பூசுவோருமே அந்த வேலையை ஏற்றனர். சென்னையில் 1840இல் தொடங்கப்பட்டு வண்டி கட்டுவதில் பெயர்பெற்ற சிம்சன் நிறுவனத்தில், சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கியதும் இந்த மரபின் தொடர்ச்சியே ஆகும். அத்தகைய பட்டறைகளில் மரச் சட்டத்தின் மீது தகட்டை வளைத்துப் பொருத்தி, அதன்மேல் அடிப்பூச்சும் எண்ணெய் வார்னிஷும் பல அடுக்குகளாக ஏற்றி, ஒவ்வோர் அடுக்கும் உலர்ந்தபின் தேய்த்து மெருகிட வாரக்கணக்கில் ஆயிற்று. கதவின் பொருத்தமும் அதன் மேல் ஏறும் வண்ணமும் ஒரே பட்டறையின் பொறுப்பாக இருந்தன. பழைய காரில் பூச்சு பெயர்வதை ஒரு குறையாகவும் தகடுகள் கோணி நிற்பதை வேறொரு குறையாகவும் பிரித்துப் பார்க்கும் வழக்கம், இந்தப் பொறுப்பு இரண்டாகப் பிளந்த பிறகே வேரூன்றியது.

அந்தப் பழைய முறையிலும் குறை இல்லாமல் இல்லை. சேசிஸ் எனப்படும் அடிச்சட்டம் மேடுபள்ளங்களில் முறுக்கிக்கொள்ளும்போது அதன்மேல் இருந்த மரக்கூடும் சேர்ந்து முறுக்கியதால், இணைப்புகள் தளர்ந்து கிறீச்சிட்டன. கதவுகள் தூண்களில் உரசின. விறைத்த வார்னிஷ் இணைப்புகளின் வழியே வெடித்தது. சார்ல்ஸ் வேமன் என்ற விமானி 1920களில் பாரிசில் பரப்பிய முறை இதற்குத் துணிவான விடையாக அமைந்தது: மரத் துண்டுகள் ஒன்றையொன்று தொடாதபடி சிறு எஃகுத் தகடுகளால் அவற்றை இணைத்து, உலோகப் போர்வைக்குப் பதிலாகச் செயற்கைத் தோல் பூசிய துணியைப் போர்த்தினார். அசையும் கூட்டின் மீது அசையாத பூச்சு நிலைக்காது என்ற உண்மையை அவர் அளவுக்குத் தெளிவாக உணர்ந்தவர்கள் அக்காலத்தில் அரியர். ஆயினும் பளபளப்பை விரும்பிய சந்தையில் துணிக்கூடு நெடுநாள் நிற்கவில்லை.

மாற்றம் அமெரிக்காவிலிருந்து வந்தது. பிலடெல்பியாவில் எட்வர்ட் பட் 1912இல் நிறுவிய ஆலை, அழுத்துப்பொறியில் வார்ப்புருவுக்கு ஏற்ப எஃகுத் தகட்டை வளைத்து, துண்டுகளைப் பற்றவைத்து, மரமே இல்லாத கூட்டைச் செய்தது. டாட்ஜ் சகோதரர்கள் தம் கார்களுக்கு அதைப் பெருமளவில் வாங்கினர். எஃகுக்கூடு முறுக்கைத் தாங்கியதோடு, மரம் தாங்காத சூளை வெப்பத்தையும் தாங்கியதால், பூச்சைச் சுட்டு இறுக்கும் முறைக்கும் வழி பிறந்தது. அடுத்த பத்தாண்டில் டூபாண்ட் நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து உருவாக்கிய டூக்கோ என்னும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு, 1924ஆம் ஆண்டு மாதிரியான ஓக்லண்ட் காரில் நீல நிறத்தில் வெளிவந்தது. கரைப்பான் ஆவியானவுடன் உலரும் இப்பூச்சு, வாரங்களில் நடந்த வேலையை மணிக்கணக்கிற்குச் சுருக்கியது. ஆனால் படலத்திற்கு நெகிழ்வு தரும் சேர்மானப் பொருள் ஆண்டுகள் செல்லச்செல்லக் குறைந்துபோவதால் அது நொறுங்கும் தன்மையை அடைகிறது. மேலும் மேலும் பூசித் தடித்த இடங்களில் முதலில் வெடிக்கிறது. இதற்கிடையே தகடு அடிக்கும் கூடமும் வண்ணக்கூடமும் ஆலைக்குள் வெவ்வேறு துறைகளாகிவிட்டன.

இரு துறைகளுக்கும் இடையே நின்றது ஈயம். அழுத்துப்பொறியிலிருந்து வந்த தகடுகள் சரிவரச் சேராத இடங்களை, ஏறத்தாழ 70 விழுக்காடு ஈயமும் 30 விழுக்காடு வெள்ளீயமும் கலந்த உலோகக்கலவையால் நிரப்பினர். இக்கலவை 183 பாகை செல்சியசில் இளகத் தொடங்கி, முழுவதும் உருகுவதற்கு முன் களிம்பு போன்ற நிலையில் நெடுநேரம் நிற்பதால், கொழுப்புத் தடவிய மரத்தட்டையால் அதை இழுத்துப் பரப்பி, ஆறியபின் அரம் கொண்டு வடிவம் தீட்ட முடிந்தது. பிற்காலத்தில் வந்த பாலியெஸ்டர் பட்டியைவிட இது உறுதியாகத் தகட்டைப் பற்றியது. ஆனால் அதன் தூள், தொழிலாளியின் உடலில் நஞ்சாகச் சேர்ந்தது. 1961இல் வெளிவந்த ஜாகுவார் ஈ-டைப் காரின் நீண்ட பானட்டும் இவ்வாறு கையால் பொருத்திச் சரிசெய்யப்பட்டதே. அத்தகைய கார்களில் ஒன்றின் பானட்டைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் இடைவெளிகள் ஒத்துவருவது அரிது. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வேறு வழியை எடுத்தது: போல்ட்டால் இணைந்த மட்கார்டுக்கும் உடலுக்கும் இடையே பீடிங் என்னும் மென்பட்டையை வைத்ததால், இரும்பும் இரும்பும் உரசிப் பூச்சைத் தின்னும் வாய்ப்பே தவிர்க்கப்பட்டது.

பழைய கார்களை மீட்டெடுக்கும் இன்றைய பட்டறைகள் பிளந்த பொறுப்பை மீண்டும் இணைத்திருக்கின்றன. ஈரப் பூச்சு கூர்விளிம்பிலிருந்து பின்வாங்குவதால் அங்குப் படலம் மெலிந்திருக்கும். உரசலும் அங்கேதான் நிகழும் என்பதால், விளிம்புகள் ஒன்றையொன்று தொடாதபடி இடைவெளியை அமைப்பதே முதல் காப்பு. எனவே கார் தன் சக்கரங்களின் மீது, தன் எடையுடன் நிற்கும்போதே பொருத்தம் பார்க்கப்படுகிறது. அசைக்க முடியாத பின்பக்கத் தகட்டுக்கு ஏற்பக் கதவும், கதவுக்கு ஏற்ப முன் மட்கார்டும், அதற்கு ஏற்பப் பானட்டும் சீராக்கப்படுகின்றன. கூட்டுக்கும் சேசிசுக்கும் நடுவே ஷிம் எனப்படும் மெல்லிய தகட்டுத்துண்டுகள் கூட்டப்படவோ குறைக்கப்படவோ செய்கின்றன. புதிய ரப்பர் பட்டை கதவை வெளியே தள்ளும் என்பதால் அதையும் பூசுவதற்கு முன்பே மாட்டிப் பார்ப்பது அவசியம். பின்னர் கீலிலும் தூணிலும் ஒருங்கே சிறு துளையிட்டுக் கழற்றி, விளிம்புகளைத் தனியே பூசி, மறுபடி மாட்டும்போது அத்துளையில் ஆணி செருகினால் கதவு பழைய இடத்திற்கே திரும்புகிறது. விளிம்பில் ஒட்டிய நாடா அந்நேரத்தில் பூச்சைக் காக்கிறது.

இந்தத் திறமையே ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. போட்டிக் காட்சிகளுக்காக மீட்கப்படும் கார்களின் இடைவெளிகள், ஆலையிலிருந்து வந்த நாளில் இருந்ததைவிடச் சீராக அமைகின்றன. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபீவா 2012இல் ஏற்ற டூரின் சாசனம், எஞ்சியிருக்கும் மூலப்பொருளைக் காப்பதற்கே முதன்மை தருகிறது. இந்நிலைப்பாடே சரியானது: கோணல்மாணலான பழைய இணைப்பும் அதை மறைத்த ஈயமும் ஒரு தொழிலாளியின் கை எவ்வாறு வேலை செய்தது என்பதற்கான சான்றுகள்; அரம் ஒருமுறை தீட்டிவிட்டால் அவற்றை மீட்க முடியாது. ஆகவே கழற்றுவதற்கு முன் ஒவ்வோர் இடைவெளியையும் அளந்து குறித்து வைப்பதும், உரசாத இடத்தில் பழைய பூச்சை அப்படியே விடுவதும், உரசும் விளிம்பை மட்டும் திருத்துவதும் மீட்புப் பணியின் முதல் கட்டமாக அமைய வேண்டும்.