முற்றத்து வெளிச்சம்

வீட்டு முற்றத்தில் விழும் வெளிச்சத்தை நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். பார்த்திருக்கிறோம் என்பதைவிட, அதைக் கடந்து போயிருக்கிறோம் என்பதே பொருந்தும். காலையில் அது எந்தச் சுவரில் படுகிறது, மேகம் மூடிய நாளில் தூணின் நிழல் என்ன ஆகிறது என்று எவரேனும் கேட்டால் நம்மில் பலர் விடை கூற இயலாமல் விழிப்போம். ஆனால் அத்தகைய ஒரு முற்றத்து வெளிச்சத்தைக் குறித்து, 1956-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு வங்காளத் திரைப்படத்துக்காக, மூவரிடையே பெரும் வாதம் நிகழ்ந்தது. அவ்வாதத்திலிருந்து பிறந்த ஒளியமைப்பு முறை, கலை வரலாற்றில் இடம்பெறத் தக்கது. அந்த வரலாற்றையே மாணவர்களாகிய உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

மூவருள் முதல்வர் சத்யஜித் ராய். 1921-ல் கல்கத்தாவில் பிறந்தவர். பாட்டனார் உபேந்திரகிசோர், படங்களை அச்சிடும் கலையில் முன்னோடி. சிறுவர்க்கென ஒரு பத்திரிகையையும் தொடங்கி நடத்தியவர். தந்தையார் சுகுமார் ராய், வங்கச் சிறுவர்கள் இன்றும் மறவாத நகைச்சுவைக் கவிஞர். அத்தந்தையை ராய் தம் மூன்றாம் வயதிலேயே இழந்தார். கல்லூரியில் பொருளாதாரம் பயின்று முடித்தபின், 1940-ல் சாந்திநிகேதனத்துக் கலைப் பள்ளியிற் சேர்ந்தார். நகரத்து இளைஞராகிய அவருக்கு அவ்வூருக்குச் செல்ல முதலில் விருப்பமில்லை. அன்னையாரின் ஆவலை முன்னிட்டே சென்றார்.

அங்கே மாணவர் விடுதியில் அவர் அண்ணாந்து பார்த்தபோது, மேற்கூரை முழுவதும் ஓர் ஓவியம் படர்ந்திருந்தது. மரங்கள், வயல்கள், குளம், பறவைகள், கால்நடைகள், தத்தம் வேலையில் ஈடுபட்ட எளிய மக்கள் ஆகிய யாவும் அதில் இருந்தன. தேவர்களோ மன்னர்களோ அதில் இல்லை. விடுதியை விட்டு வெளியே நடந்தால் நாள்தோறும் கண்ணிற் படும் பீர்பூம் மாவட்டத்துக் கிராம வாழ்க்கையே அது. தீட்டியவர் வினோத் பிகாரி முகர்ஜி என்னும் ஆசிரியர். அவரும் நந்தலால் போஸும் ராய்க்கு ஓவியம் கற்பித்தனர். உலகக் கலைகளையெல்லாம் பயின்றுவிட்டு, பக்கத்து வயலைக் கண் திறந்து பார்க்கும் பழக்கத்தை அவர்களிடம் ராய் பெற்றார் என்று கொள்ளலாம்.

படிப்பை முடிக்காமலே 1942-ல் அவர் கல்கத்தா திரும்பினார். அடுத்த ஆண்டில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியராக அமர்ந்தார். புத்தகங்களுக்கு மேலட்டைகளும் வரைந்தார். விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் ‘பதேர் பாஞ்சாலி’ என்ற நாவலைச் சிறுவர்க்காகச் சுருக்கி வெளியிட்டபோது, அதற்குச் சித்திரம் தீட்டும் பணியும் அவரிடம் வந்தது. படம் வரைவதற்காகப் படித்த அக்கதையே பின்னர் அவருடைய முதல் திரைப்படமாயிற்று.

இரண்டாமவர் பன்சி சந்திரகுப்தா. காஷ்மீரத்திலிருந்து ஓவியராகும் ஆசையுடன் கல்கத்தா வந்தவர். மூன்றாமவர் சுப்ரத மித்ரா, வயதில் இளையவர். பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் 1949, 1950 ஆண்டுகளில் ‘நதி’ என்ற படத்தை வங்காளத்தில் எடுத்தார். அப்படத்தின் கலை இயக்குநரிடம் சந்திரகுப்தா உதவியாளராகப் பணிபுரிந்தார். மித்ராவோ படப்பிடிப்பை ஓரமாக நின்று கவனித்து, எந்த விளக்கு எங்கே வைக்கப்பட்டது என்பதையெல்லாம் குறிப்பேட்டில் வரைந்து வைத்துக்கொண்டார். அதற்கு முன் திரைப்படக் காமிராவை இயக்கியறியாத அந்த இளைஞரையே, 21 வயதில், ராய் தம் படத்துக்கு ஒளிப்பதிவாளராக அமர்த்தினார்.

1952 அக்டோபரில் ‘பதேர் பாஞ்சாலி’யின் முதற் காட்சி தொடங்கியது. வெண்ணிற நாணற் பூக்கள் மண்டிய வயலில் அக்காளும் தம்பியும் ஓடி, புகைவண்டியைக் காணும் காட்சி அது. அடுத்த வாரம் சென்று பார்த்தால் பூக்களையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன! மறு பருவத்தில் மீண்டும் பூக்கும் வரை அவர்கள் காத்திருக்க நேர்ந்தது. பணமுடை காரணமாக வேலை பலமுறை நின்றது. ராய் தம் ஆயுள் இன்ஷூரன்ஸை ஈடுவைத்தார். மனைவியின் நகைகளும் அடகுக்குச் சென்றன. இறுதியில் மேற்கு வங்க அரசு பொருளுதவி செய்ய, 1955-ல் படம் வெளிவந்தது. மறு ஆண்டு கான் திரைப்பட விழாவில் பரிசும் பெற்றது. அப்படத்தில் உலகம் வியந்தவை யாவை? குளத்து நீரின்மேல் ஓடும் பூச்சிகள். மிட்டாய்க்காரனும், அவன் பின்னே செல்லும் சிறுவரும் நாயும் நீரில் தலைகீழாகத் தெரியும் காட்சி. இடிந்த வீட்டின் சுவர். நம் ஊர்க் குளத்தங்கரையிலும் கிடைக்கக்கூடியவை இவை.

இனி, முற்றத்துக்கு வருவோம். அடுத்த படமான ‘அபராஜிதோ’வில் காசி நகரத்து வீடு ஒன்று வேண்டியிருந்தது. நாற்புறமும் உயர்ந்த சுவர்கள், நடுவே வானம் நோக்கிய முற்றம். அதனைத் திறந்த வெளியிலேயே கட்டச் சந்திரகுப்தா எண்ணியிருந்தார். மழைக்காலத்துக்கு அஞ்சி, கல்கத்தாவில் ஸ்டுடியோவுக்குள் கட்ட வேண்டியதாயிற்று. மித்ரா மறுத்தார். அத்தகைய முற்றத்தில் வெயில் நேரே இறங்காத வேளையில், வானத்தின் ஒளி மட்டுமே பரந்து மெத்தென்று இறங்கும். கூரிய நிழல் விழாது. ஸ்டுடியோ விளக்குகளோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிழலைத் தரும். ஒருவர் நடந்தால் மூன்று நிழல்கள் உடன் நடக்கும். இது ஆகாத காரியம் என்று அவர் வாதாடினார். மற்ற இருவரும் இணங்கவில்லை.

வாதத்தில் தோற்ற மித்ரா, வேலையில் வென்றார். கட்டிய முற்றத்தின்மேல் ஒரு வெள்ளைத் துணியை வானத் துண்டுபோல இழுத்துக் கட்டினார். விளக்குகளை மனிதர்மீது காட்டாமல், கீழிருந்து அத்துணியை நோக்கித் திருப்பினார். துணியில் மோதிய ஒளி சிதறி, மெல்லப் பரவிக் கீழே இறங்கியது. அது காசியின் வெளிச்சமே ஆயிற்று. படம் பார்த்தவர்கள் மெய்யான வீடென்றே நம்பினர். எதிரொளியால் காட்சியை விளக்கும் இம்முறை பின்னாளில் அவருடைய தலையாய கருவியாயிற்று. இதன் மூலகாரணம் விலையுயர்ந்த இயந்திரம் அன்று. இயற்கை ஒளி எவ்வாறு இறங்குகிறது என்பதை ஒருவர் ஊன்றி நோக்கியிருந்ததும், பொய்யான ஒளியைப் பொறுக்க அவர் மறுத்ததுமே காரணம்.

“ராய் கலைக்குடும்பத்தில் பிறந்தவர், எங்களுக்கு அது வாய்க்குமா?” என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் மித்ராவுக்கு வாய்த்தது ஒரு குறிப்பேடும், ஓரமாக நிற்க ஓர் இடமும் மட்டுமே. ராயும்கூடத் தம் படங்களுக்கான சித்திரங்களையும் குறிப்புகளையும், வங்காளத்துக் கடைக்காரர்கள் கணக்கெழுதும் சிவப்புத் துணி அட்டைப் பேரேடுகளிலேயே எழுதிவந்தார்.

இங்கே என் குற்றம் ஒன்றையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், தேர்வு நெருங்குகிறதென்று ஓவிய வகுப்பு வேளையைக் கணக்குக்குத் திருப்பிவிட்டேன். ஒரு மாணவன் என் அறை வாசலில் வந்து நின்று, “ஐயா, இனிமேல் ஓவிய வகுப்பு கிடையாதா?” என்று வினவினான். “ஓவியம் சோறு போடாது, தம்பி” என்று சொல்லி அனுப்பினேன். அவன் மறுமொழி கூறாமல் திரும்பிச் சென்றான். ராயின் வரலாற்றை ஊன்றிப் படித்தபோது, முதற் படம் வெளிவரும் வரை பத்தாண்டுகளுக்கு மேலாக அவர் குடும்பத்தைக் காத்தது ஓவியமே என்று அறிந்தேன். என் விடை அறிவுரையாக மட்டுமன்றி, செய்தியாகவும் பிழையானது. அந்த மாணவனைத் தேடிச் சொல்ல எனக்கு வழியில்லை. ஆகவே உங்களிடம் சொல்லுகிறேன்.

இன்று மாலை உங்கள் வீட்டில் ஓரிடத்தில் அமருங்கள். சன்னல் வழி வரும் ஒளி எந்தப் பொருளை முதலில் தொடுகிறது, எதனை இருளில் விடுகிறது என்று பாருங்கள். கண்டதை ஒரு நோட்டில் வரைந்து, கீழே தேதியிடுங்கள். கோடு கோணலாக இருப்பின் கவலை வேண்டாம். நாளையும் அதே இடத்தில் அமர்ந்து, இன்று காணத் தவறியது எது என்று பாருங்கள்.