மேலேயா, கீழேயா?

எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டு நுழைந்ததே இல்லை. என் மாமனார் மங்காத்தாவில் ஒரு காணி நிலத்தையும் மாமியாரின் இரட்டைவடச் சங்கிலியையும் தொலைத்தவர். அதனால் கல்யாணமாகி வந்த முதல் வாரமே, "எது வேணா செய்யுங்க, சீட்டு மட்டும் வேணாங்க" என்று என் மனைவி சொல்லிவிட்டாள். எனக்கும் அதில் பெரிய நாட்டம் கிடையாது. சிறு வயதில், சொல்தா பென்ஷன் வாங்கிய என் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் பெலோத் ஆடுவதை வேடிக்கை பார்த்ததோடு சரி. ருவா, தாம், வலே என்று சீட்டுப் பெயர்கள் எனக்கு பிரெஞ்சில்தான் முதலில் வந்தன. பெலோத்தில் துருப்பு வலே ராஜாவையே அடித்துவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த சரித்திரத்துக்கு அது நேர்மாறாக இருந்ததால் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அப்படிப்பட்ட எங்களை ஒரு சீட்டாட்டம் பிடித்துக்கொண்டது 2016இல், நியூ ஜெர்சியில். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். வெளியே பனி. பழைய போட்டி நிகழ்ச்சிகளையே நாளெல்லாம் ஓட்டும் ஒரு சானலில் 'கார்ட் ஷார்க்ஸ்' வந்தது. 1978 ஏப்ரலில் என்பிசியில் ஆரம்பித்து 1981 வரை பகலில் ஓடிய நிகழ்ச்சி. நடத்துபவர் ஜிம் பெரி, கோட்டு சூட்டில் வங்கி மேனேஜர் மாதிரி இருப்பார்.

ஆட்டம் எளிது. நூறு பேரிடம் ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள். அதில் எத்தனை பேர் 'ஆமாம்' என்றார்கள் என்று ஒருவர் ஊகிக்க வேண்டும். நிஜ எண்ணிக்கை அதைவிட அதிகமா குறைவா என்று மற்றவர் சொல்ல வேண்டும். ஜெயித்தவர் சீட்டு வரிசைக்குப் போவார். ஆளுயரம் இல்லாவிட்டாலும் தூரத்திலிருந்து தெரியும் பெரிய சீட்டுகள். அடுத்த சீட்டு மேலேயா, கீழேயா? அவ்வளவுதான். நம் ஊர் உள்ளே-வெளியேவுக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம்.

கிளார்க் புத்தி சும்மா இருக்குமா? காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஆஸ்தான் உச்சம். ராஜா திறந்திருந்தால் மீதி 51 சீட்டில் 44 கீழே; கண்ணை மூடிக்கொண்டு பணத்தை வைக்கலாம். 8 வந்தால் தொலைந்தது: மேலே 24, கீழே 24, அதே 8 மூன்று. ஆரம்பக் காலத்தில் அதே எண் வந்தாலும் தோல்விதான். கடைசிச் சுற்றில் 200 டாலர் கொடுத்து ஆரம்பிப்பார்கள், இரண்டாம் வரிசையில் இன்னொரு 200. ஏழு சீட்டிலும் முழுப் பணத்தையும் வைத்து ஜெயித்தால் 28,800 டாலர். என் கணக்கும் அவர்கள் அறிவித்த உச்சத் தொகையும் ஒத்துப்போனபோது, ஆடிட்டில் தப்பித்த சந்தோஷம்!

இதே ஆட்டம் 1980இல் இங்கிலாந்துக்கும் போனது. அங்கே புரூஸ் ஃபோர்சித் நடத்தினார். கூட்டமே "மேலே! கீழே!" என்று கத்துமாம். ஒரு துணைச் செய்தி: ஆங்கிலச் சீட்டில் இருக்கும் ராஜா ராணி உருவங்களே பிரான்சின் ரூவான் நகரிலிருந்து இங்கிலாந்து போனவைதான். புதுவைக்காரனுக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஏன் சீட்டு? இதற்கு நான் யோசித்த பதில் ஒன்று உண்டு. ஐம்பதுகளில் அமெரிக்கர்கள் அறிவுப் போட்டிகளைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். 'ட்வென்டி ஒன்' நிகழ்ச்சியில் சார்லஸ் வான் டோரன் என்ற கல்லூரி ஆசிரியர் நாட்டுக்கே செல்லப்பிள்ளை ஆனார். 1958இல் குட்டு வெளிப்பட்டது; விடைகளை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். 1959இல் நாடாளுமன்றக் குழு முன் வான் டோரனே ஒப்புக்கொண்டார். மறு வருடம் இப்படிப்பட்ட மோசடியைத் தடுக்கச் சட்டம் வந்தது. அந்த நிகழ்ச்சியை நடத்திய ஜாக் பாரி பல காலம் தலைகாட்ட முடியாமல் இருந்து, 1972 செப்டம்பர் 4 அன்று 'ஜோக்கர்ஸ் வைல்ட்' என்று திரும்பி வந்தார். அதில் இருந்தது சீட்டு அல்ல, சுழலும் சக்கரங்கள்; ஜோக்கர் மட்டும் சீட்டுக்கட்டிலிருந்து கடன் வாங்கியது. அதே நாள், அதே சிபிஎஸ்ஸில், தம்பதிகள் 21 சேர்க்கும் 'கேம்பிட்'டும் தொடங்கியது. படித்தவர்களின் போட்டியில் பொய் இருந்தது. சூதாடிகளின் கருவி நாணயமாக வந்து உட்கார்ந்தது. கலைத்த கட்டில் என்ன வரும் என்று யாருக்கு யார் சொல்லிக்கொடுக்க முடியும்?

இதை மனைவியிடம் விளக்கினேன். "சூது சூதுதாங்க" என்றாள். ஆனாலும் இரண்டாம் வாரத்திலேயே, சோபா நுனியில் உட்கார்ந்து "மேல சொல்லுடி, மேல" என்று டிவியைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நானோ வாயைத் திறக்கவில்லை.

அவளுக்கு ஆகாதது கடைசிச் சீட்டுதான். அதில் கையில் இருப்பதில் பாதியையாவது பந்தயம் வைத்தே தீர வேண்டும் என்பது விதி. ஒரு நாள் ஒரு பெண் ஆயிரக்கணக்கில் சேர்த்துவிட்டு அங்கே வந்து நின்றாள். திறந்திருந்த சீட்டு 8.

"பாதி வைக்கணும்னு கட்டாயப்படுத்த இவன் யாருங்க? கைல இருக்கறத எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போக விடமாட்டானா?" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் பதில் சொல்வதற்குள் ரிமோட்டை எடுத்து அணைத்துவிட்டாள். மாமனாரைப் பற்றி நாற்பது வருடத்தில் அவள் என்னிடம் பேசியதெல்லாம் சேர்த்தால் பத்து வாக்கியம் இருக்காது.

மறுநாள் காலை காபி டம்ளரை வைத்தபோது மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, அந்தப் பொண்ணு என்ன ஆச்சோ?"