சிறு மெயின்ஃபிரேம்களில் வட்டுகளின் நினைவகச் செலவு

கணினியோடு இணைக்கப்படும் ஒவ்வொரு வட்டுக்கும், அதில் ஒரு பைட் கூட எழுதப்படாவிட்டாலும், முதன்மை நினைவகத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கப்பட்டுவிடுகிறது. வட்டின் முகவரி, அதன் நிலை, காத்திருக்கும் வேலைகள், பிழை நேர்ந்தால் கையாளும் வழி ஆகியவை எங்காவது பதிவாகி இருக்க வேண்டும். பெரிய இயந்திரத்தில் இந்தச் செலவு கண்ணில் படாது. நினைவகம் குறைந்த இயந்திரத்தில் வட்டுகள் பெருகும்போது அது தலைதூக்குகிறது. ஐபிஎம் மெயின்ஃபிரேம்களில் 1960கள் முதல் இந்தச் செலவு ஓர் அடுக்கிலிருந்து இன்னோர் அடுக்குக்கு இடம் மாறியிருக்கிறதே தவிர, ஒழியவில்லை. அது எவ்வளவு என்பதைவிட, எந்த முகவரி எல்லைக்குள் விழுகிறது என்பதுதான் பல முறை பெரிய சிக்கலாக இருந்தது.

1964-இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360 வரிசையின் சிறிய இயந்திரமான மாடல் 30, 8 கேபி முதல் 64 கேபி வரை நினைவகத்தோடு விற்கப்பட்டது. சாதனங்களோடு தரவைப் பரிமாறும் அதன் மல்டிபிளெக்சர் சேனலுக்கு வேண்டிய கட்டுப்பாட்டுச் சொற்கள், நிரல்களால் தொட முடியாத ஒரு துணை நினைவகப் பகுதியில் வைக்கப்பட்டன. மென்பொருள் பக்கத்தில், 1966-இல் வந்த டாஸ்/360 இயக்குதளம் 16 கேபி இருந்தாலே ஓடக்கூடியது. அது ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒதுக்கிய பதிவு வெறும் 8 பைட். நிறுவனத்தில் என்னென்ன சாதனங்கள் உண்டோ அவற்றுக்கு மட்டும் இடம் விட்டு, இயக்குதளத்தின் மையப் பகுதியான சூப்பர்வைசரை அந்தந்த இடத்திலேயே அசெம்பிள் செய்துகொள்வார்கள். அன்று உண்மையில் கடித்தது அட்டவணை அல்ல, இடையகம். 2311 வட்டின் ஒரு தடத்தில் 3,625 பைட் கொள்ளும். முழுத் தடத்தையும் ஒரே தொகுதியாகப் படித்து, இரட்டை இடையகம் வைத்தால் ஒரே கோப்புக்கு 7,250 பைட் போய்விடும். 16 கேபி இயந்திரத்தில் அது பாதிக்குச் சற்றே குறைவு.

பெரிய இயக்குதளமான ஓஎஸ்/360-உம் அதன் வழிவந்த எம்விஎஸ்-உம் ஒவ்வொரு சாதனத்துக்கும் யூசிபி எனப்படும் கட்டுப்பாட்டுத் தொகுதியை வைத்தன. மெய்நிகர் நினைவகம் வந்த பிறகு இதற்கு எதிர்பாராத விலை கொடுக்க வேண்டியிருந்தது. 24 பிட் முகவரியில் எட்டக்கூடிய எல்லை 16 எம்பி. யூசிபிகள் இருந்த பொதுப் பகுதி எல்லா முகவரி வெளிகளிலும் அதே இடத்தைப் பிடித்திருந்ததால், வட்டுகளைப் பெருக்கினால் அந்த வட்டுகளைத் தொடவே தொடாத நிரல்களுக்கும் இடம் சுருங்கியது. 1980களில் எக்ஸ்ஏ கட்டமைப்பு முகவரியை 31 பிட்டாக்கி எல்லையை 2 ஜிபிக்கு உயர்த்திய பின்னும் யூசிபிகள் உடனே மேலே ஏறவில்லை. பழைய நிரல்கள் அவற்றை 24 பிட் முகவரியிலேயே தேடின. 1990களில் அவை 16 எம்பி கோட்டுக்கு மேலே போனபோதும், பழைய நிரல் கேட்டால் கோட்டுக்குக் கீழே அந்த யூசிபியின் சாயலைக் காட்டும் ஏற்பாடு ஒன்றைச் செய்ய வேண்டியிருந்தது.

எக்ஸ்ஏ இன்னொன்றையும் செய்தது. ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு துணைச்சேனல் என்று வகுத்து, பாதை தேடும் வேலையை இயக்குதளத்திடமிருந்து சேனல் அமைப்புக்கு மாற்றியது. அந்தத் துணைச்சேனல்களின் விவரம் எச்எஸ்ஏ என்ற வன்பொருள் பகுதியில் இருந்தது. அந்தப் பகுதி வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கிய நினைவகத்திலிருந்தே வெட்டி எடுக்கப்பட்டது. ஒரே இயந்திரத்தைப் பல இயந்திரங்களாகப் பகுக்கும் தருக்கப் பிரிவுகளும் அறிவிக்கப்பட்ட சாதனங்களும் கூடக்கூட அது வளரும். பின்னால் சேர்க்கக்கூடிய வட்டுகளுக்காக இன்றே இடம் அறிவித்து வைப்பது, வராத விருந்தாளிக்கும் இலை போட்டுவைப்பது போலத்தான். 2002-இல் வந்த இசட்800 போல 8 ஜிபியில் தொடங்கும் சிறிய இயந்திரம் வைத்திருந்தவர்கள் இந்த அறிவிப்பில் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

2008-இல் இசட்10 வந்தபோது ஐபிஎம் இந்தப் பேரத்தை முடித்துவைத்தது. எச்எஸ்ஏ வாடிக்கையாளர் கணக்கில் சேராத, அளவு மாறாத தனிப்பகுதி ஆனது: பெரிய மாடலில் 16 ஜிபி, சிறிய மாடலான இசட்10 பிசியில் 8 ஜிபி. அந்தச் சிறிய மாடலை 4 ஜிபி நினைவகத்தோடும் வாங்க முடிந்தது என்பதால், தன் நினைவகத்தைப் போல இரு மடங்கு எச்எஸ்ஏ கொண்ட இயந்திரமும் சாத்தியம் ஆயிற்று. பிறகு இசட்13-இல் அது 96 ஜிபி, இசட்15-இல் 256 ஜிபி. அதில் வட்டு விவரம் மட்டும் இல்லை, நுண்நிரல் முதலிய பலவும் உண்டு.

வன்பொருள் அடுக்கில் தணிந்த சிக்கல் மெய்நிகர் சேவையகங்களில் வேறு உருவில் வளர்ந்திருந்தது. 1999 டிசம்பரில் ஐபிஎம் லினக்ஸ் கர்னலுக்கான எஸ்/390 ஒட்டுகளை வெளியிட்டது. 2000-இல் டேவிட் பாய்ஸ் மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் விஎம் மென்பொருளின் கீழ் ஒரே இயந்திரத்தில் 41,400 லினக்ஸ் பிரதிகளை ஓட்டிக் காட்டினார். விஎம்மின் பிந்தைய வடிவமான இசட்/விஎம் சூழலில் ஒவ்வொரு லினக்ஸ் விருந்தினருக்கும், அதாவது மெய்நிகர் இயந்திரத்துக்கும், முடிந்தவரை குறைவான நினைவகம் கொடுப்பதே அறிவுரை. ஏனென்றால் கூடுதலாகக் கொடுத்தால் லினக்ஸ் அதைக் கோப்பு இடைச்சேமிப்பால் நிரப்பிவிடும். எனவே 64 எம்பி, 128 எம்பி விருந்தினர்கள் அக்காலத்தில் சாதாரணம்.

அத்தகைய விருந்தினரோடு வட்டுகளைச் சேர்ப்பதன் விலை கர்னலின் டாஸ்டி என்ற வட்டு இயக்கியின் நிரலிலேயே தெரிகிறது. வட்டை இயக்கத்துக்குக் கொண்டுவரும்போது, வட்டுக்கான கட்டளைத் தொடர்களான சேனல் நிரல்கள் எழுத இரண்டு பக்கங்களும், பிழை மீட்புக்கு ஒரு பக்கமும் முன்கூட்டியே ஒதுக்கப்படுகின்றன. பக்கம் 4 கேபி. ஆக அப்போது வட்டுக்கு 12 கேபி. கர்னலின் மற்றப் பொதுப் பதிவுகள் இதற்கு மேல். பார்ப்பதற்கு வீண்செலவு போலத் தோன்றும். ஆனால் நினைவகம் தீர்ந்துபோன நேரத்தில் இடத்தை விடுவிக்க வேண்டுமானால் மாற்றப்பட்டும் இன்னும் எழுதப்படாத பக்கங்களை வட்டில் எழுதியாக வேண்டும். எழுதுவதற்குச் சேனல் நிரல் வேண்டும். அதற்கும் நினைவகம் வேண்டும். முன்பதிவு இல்லாவிட்டால் அமைப்பு அங்கேயே பூட்டிக்கொள்ளும். பிழை மீட்புக்குத் தனிப் பக்கம் வைத்ததற்கும் அதே காரணம்தான். சேனல் நிரலின் முகவரி 31 பிட் என்பதால் இந்தப் பக்கங்கள் 2 ஜிபிக்குக் கீழேயே இருக்க வேண்டும். பழைய 16 எம்பி கோட்டின் தம்பி இது.

ஆயிரம் வட்டுகள் என்றால் 12 எம்பி. 64 எம்பி விருந்தினரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. எதிர்த்திசையிலும் கணக்குப் போடலாம்: இந்த 12 கேபியை 41,400 விருந்தினருக்கு ஆளுக்கொரு வட்டு வீதம் கொடுத்தால் 500 எம்பியை ஒட்டி வரும்.

இவ்வளவு வட்டுகள் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. 3390 மாடல் 3 வட்டின் கொள்ளளவு 2.8 ஜிபி, ஒரு டெராபைட்டுக்கு அவற்றில் 350-க்கு மேல் வேண்டும். மேலும் ஒரு துணைச்சேனலில் ஒரு நேரத்தில் ஒரே வேலைதான் ஓடும் என்பதால், வேகம் தேடிய தரவுத்தள நிர்வாகிகள் பல சிறு வட்டுகளில் தரவைப் பரப்பினர். 1999-இல் ஐபிஎம்மின் ஷார்க் சேமிப்பகத்தோடு வந்த பிஏவி வசதி ஒரே வட்டுக்குப் பல மாற்றுப் பெயர்கள் கொடுத்து இந்தத் தடையை நீக்கியது. ஆனால் லினக்ஸில் ஒவ்வொரு மாற்றுப் பெயரும் தனிச் சாதனமாகவே இயக்கத்துக்கு வருகிறது. அதற்கும் அதே பக்கங்கள் ஒதுக்கப்படுகின்றன. நினைவகத்தைப் பொறுத்தவரை இது கணக்கைப் புத்தகம் மாற்றி எழுதியதுதான்.

நடைமுறைத் தீர்வுகள் எளியவை. சிஐஓ இக்னோர் என்ற கர்னல் அளவுரு, தருக்கப் பிரிவில் கண்ணில் படும் ஆயிரக்கணக்கான சாதனங்களில் தேவையற்றவற்றைக் கண்டுகொள்ளாமல் விடச் செய்கிறது. பயன்படாத வட்டை இயக்கத்திலிருந்து இறக்கினால் அதன் பக்கங்கள் திரும்பக் கிடைக்கும். பெரிய பலன் தந்தது வட்டின் அளவை உயர்த்தியதே: 3390 மாடல் 9 சுமார் 8.5 ஜிபி, 2008-இல் இசட்/ஓஎஸ் 1.10 ஏற்றுக்கொண்ட நீட்டித்த வட்டுகள் 223 ஜிபி வரை. பிற்பாடு 1 டெராபைட் வரை. தேவைக்கேற்ப இடம் ஒதுக்கும் வட்டுகளுக்கு ஆதரவு சேர்ந்தபோது டாஸ்டி இயக்கி இன்னும் இரண்டு பக்கங்களை முன்பதிவில் சேர்த்துக்கொண்டது. இப்போது வட்டுக்கு 20 கேபி.